"கன்வெர்ட் பண்ணித் தரேன்" என்றால் ஹார்ட் டிஸ்கைக் கொடுக்காதீர்கள்

11,800 ரூபாய். வயிறு எரிவதால் தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 800 கடைக்காரருக்கு, 11,000 அவர் அழித்ததை மீட்டுத் தர இன்னொருவருக்கு.

ஆறு வருடப் போட்டோ, வீடியோ எல்லாம் ஒரு 1 டிபி போர்ட்டபிள் டிஸ்கில் இருந்தது. விண்டோஸில் பயன்படுத்தியது, டிஸ்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை என்டிஎஃப்எஸ். போன மாதம் ஆபீசில் மேக் கொடுத்தார்கள். மாட்டினால் படமெல்லாம் தெரிகிறது, ஒரு ஃபைல்கூட உள்ளே போட முடியவில்லை. மேக் என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும், எழுதாது, டிஸ்கில் பழுதே இல்லை என்று இப்போது தெரிகிறது. அன்று தெரியாமல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சர்வீஸ் கடைக்குப் போனேன்.

"எக்ஸ்ஃபேட்டுக்கு மாத்திட்டா ரெண்டுலயும் ஓடும்ணா" என்றார். எக்ஸ்ஃபேட் என்பது அடுக்கும் முறையில் இன்னொன்று, விண்டோஸ், மேக் இரண்டும் அதில் எழுதும். அது உண்மைதான், அதனால்தான் நம்பித் தொலைத்தேன்.

"உள்ள இருக்கறது?"

"அப்படியே இருக்கும்ணா, கன்வெர்ட்தானே பண்றோம்."

சொல்லிக்கொண்டே கேபிள் முனையை ஊதி, டிஸ்கை மஞ்சள் துணியால் குழந்தை முகத்தைத் துடைப்பதுபோல் துடைத்தார். அந்தத் துணியில்தான் விழுந்தேன். பில்கூடக் கேட்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் மாட்டினால் 931 ஜிபியில் பாதிக்கு மேல் காலி. 1 டிபி என்று விற்பதை விண்டோஸ் 931 என்றுதான் காட்டும், அது சரி. ஆனால் என் ஃபோல்டர் ஒன்றுகூட இல்லை. அதற்குப் பதில் 'டெஸ்ட்' என்ற பெயரில் ஏழெட்டுப் படங்கள், சினிமாப் படங்கள்! ஓடுகிறதா என்று பார்த்தாராம். அவர் செய்தது கன்வெர்ட் இல்லை, குயிக் ஃபார்மேட். அது எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைத்தான் அழிக்கும், பழைய டேட்டா அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை கிடக்கும். இவர் அதன்மேல் சினிமாவை எழுதிவிட்டார்.

மறுநாள் போனால் "உங்க டிஸ்கே முன்னாடியே வீக்குண்ணா" என்றார். அடுத்த நாள் "ஓனர் ஊர்ல இல்ல." அதற்கடுத்து வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும். நான்காம் முறை கடைப் பையன் டீ குடிக்கச் சொன்னான், 800 ரூபாயைத் திருப்பித் தரச் சொன்னால் "அது வேலைக்கான கூலிங்ணா" என்கிறான். என்ன வேலை?

ரிக்கவரிக்காரர் சொல்லித்தான் தெரிந்தது, விண்டோஸில் கன்வெர்ட் கட்டளை ஒன்று உண்டு, ஆனால் அது ஃபேட் என்ற பழைய முறையிலிருந்து என்டிஎஃப்எஸ்ஸுக்குப் போகும் ஒருவழிப் பாதை. எக்ஸ்ஃபேட் வேண்டுமென்றால் ஃபார்மேட்தான். போட்டோக்கள் பாதி வந்தன, பெயர் போய் வெறும் எண்களாக. அப்பாவின் அறுபதாம் கல்யாண வீடியோ தாலி கட்டுவதற்கு முன்பே உறைந்து நிற்கிறது. இதற்கு 11,800.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமையில்லை. டேட்டாவை வேறு டிஸ்கில் காப்பி எடுத்து, திறந்து பார்த்த பிறகே ஃபார்மேட். விண்டோஸ், மேக், புதிய லினக்ஸ் மூன்றுக்கும் எக்ஸ்ஃபேட் போதும், ஆனால் அதில் ஜர்னலிங் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைத்து, எழுதுவது பாதியில் நின்றால் சமாளிக்கும் வசதி) கிடையாது, இஜெக்ட் கொடுக்காமல் பிடுங்காதீர்கள். ஃபேட்32 வேண்டாம், 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைல் ஏறாது. மேக்கில் ஃபார்மேட் செய்த டிஸ்கை விண்டோஸில் மாட்டி அது "ஃபார்மேட் செய்யவா" என்று கேட்டால் கேன்சல். பில் வாங்குங்கள்.

ரிக்கவரிக்காரர் கூப்பிடுகிறார், மீதி வீடியோவுக்கு இன்னும் பணமாம்.