சொரியாசிஸுக்கு ஆன்லைனில் "மூலிகை பேக்கேஜ்" வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

14,800 ரூபாய். சொரியாசிஸ் என்கிற காளாஞ்சகப் படைக்கு மூன்று மாத பேக்கேஜ் என்று ஒரு ஆன்லைன் மூலிகைக் கடை கறந்த தொகை. வந்து சேர்ந்தது வெட்பாலைத் தைலம் (இந்தப் படைக்குச் சித்த வைத்தியத்தில் பூசுகிற இலை எண்ணெய்) என்று ஒரு பாட்டில், ஜிப் கவரில் ஏதோ ஒரு சூரணம், பெயரே ஒட்டாத வெள்ளை டப்பாவில் ஒரு களிம்பு. என்ன பார்த்து வாங்கவேண்டும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் இவர்கள் செய்த வேலையைச் சொல்லிவிடுகிறேன்.

நம்பவைத்தது விளம்பரம் இல்லை, போனில் பேசிய "வைத்தியர்". "நகத்துல குண்டூசி குத்தின மாதிரி குழி இருக்கா? காலையில எழுந்ததும் விரல் மூட்டு பிடிச்சுக்குதா? தொண்டைப் புண் வந்த பிறகு அதிகமாச்சா? பிரஷருக்கு என்ன மாத்திரை போடுறீங்க?" எல்லாமே சரியான கேள்விகள். சொரியாசிஸ் மூட்டுக்கும் போகும், பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை படையைக் கிளப்பிவிடும் என்று தெரிந்த ஆள்தான் இப்படிக் கேட்பான். அந்தப் பேச்சுக்குத்தான் யுபிஐயில் 14,800 போனது.

களிம்பு போட்ட சில நாளிலேயே செதில் உதிர்ந்து தோல் வழவழவென்று ஆனது. வயிற்றைக் கலக்கவேண்டிய இடம் அதுதான். வெட்பாலை அவ்வளவு வேகமாக வேலை செய்யாது. செதில் இளகி அரிப்பு அடங்கவே வாரக்கணக்கில் ஆகும், தடிப்பு இறங்க இன்னும் ஆகும். சட்டென்று மறையவைப்பது குளோபிட்டசால் மாதிரி வீரியமான ஸ்டீராய்டு. களிம்பு தீர்ந்ததும் படை முன்பைவிடச் சிவந்து, இல்லாத இடத்திலும் கிளம்பியது. முழங்கை மடிப்பில் தோல் வெங்காயச் சருகாக மெலிந்து நரம்பு தெரிகிறது. தோல் டாக்டர் பார்த்ததும் கேட்டார்: "எந்த ஸ்டீராய்டு போட்டீங்க?"

தைலமும் சந்தேகம்தான். வெட்பாலை இலையைக் கையால் கிள்ளி, கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டு, மூழ்கும் அளவு தேங்காய் எண்ணெய் ஊற்றி ஒரு வாரம் வெயிலில் வைத்தால் எண்ணெய் கருத்த ஊதாவாக மாறும். இவர்கள் அனுப்பியது நல்ல ரத்தச் சிவப்பு. வேம்பாளம்பட்டையைப் போட்டால் சற்று நேரத்தில் இந்த நிறம் வந்துவிடும். கூந்தல் தைலத்துக்கு நிறம் ஏற்றப் போடுகிற சரக்கு அது.

அப்புறம் ஆரம்பித்தது போன் படலம். முதலில், "உள்ளே இருக்கிற நஞ்சு வெளியே வருது அண்ணே, நல்ல அறிகுறி." அடுத்தது பத்திய விசாரணை: கருவாடு சாப்பிட்டீங்களா, கத்திரிக்காய்? இல்லை என்றால், "புளிச்ச தயிர்?" ஏதாவது ஒன்றில் நோயாளி மாட்டியே ஆகவேண்டும். களிம்பில் என்ன இருக்கிறது என்றால் "கம்பெனி ரகசியம்". பணத்தைத் திருப்பிக் கேட்டால் "அக்கவுண்ட்ஸ்ல பேசுங்க", அக்கவுண்ட்ஸில் "வைத்தியர்கிட்ட பேசுங்க". இப்போது வாட்ஸ்அப்பில் பிளாக். 14,800 ரூபாய்க்கு ஒரு பில்கூடக் கிடையாது.

ரகசியமாவது மண்ணாவது! சித்த, ஆயுர்வேத மருந்து எதுவானாலும் லேபிளில் உட்பொருள், தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், காலாவதி தேதி இருக்கவேண்டும் என்பது சட்டம்.

எழுதுகிறேன் என்று சொன்னது, அவசரத்தில் இவ்வளவுதான்: லேபிள் இல்லாததைத் தொடாதீர்கள். நிரந்தரமாகக் குணமாக்குகிறேன் என்பவனிடம் வாங்காதீர்கள். இது அடங்கும், திரும்பவும் வரும். உள்ளுக்குச் சாப்பிடும் மெழுகு, செந்தூரம் மாதிரி சித்த மருந்துகள் எல்லாம் பாதரசம் சேர்ந்ததாக இருக்கலாம், போனில் கேட்டு விழுங்குகிற பொருள் இல்லை. சித்த வைத்தியம்தான் வேண்டும் என்றால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, நேரில் உடம்பைப் பார்த்து மருந்து கொடுப்பார்கள். ஏமாந்து பணம் போயிருந்தால் அன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐக் கூப்பிடுங்கள், நுகர்வோர் புகாருக்கு 1915.

இதே மாதிரி வெள்ளை டப்பா யாரிடமாவது இருந்தால் இன்றைக்கே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உடம்பு முழுக்க நாள்கணக்காகப் பூசியிருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, சீழ்க் கொப்புளமாகக் கிளம்பலாம். டப்பாவோடு தோல் டாக்டரிடம் போங்கள், படிப்படியாகக் குறைக்கச் சொல்வார்.