டைகிரியில் தென்னஞ்சாராயம்: ரொக்லன்ட் 'சிலோன் அரக்' பற்றிய மதிப்பீடு

வெள்ளை ரம், தேசிக்காய்ச் சாறு, சீனி ஆகிய மூன்றே பொருள்கள் சேர்ந்தது டைகிரி. கியூபாவின் சந்தியாகோ நகருக்கு அருகிலுள்ள சுரங்க ஊர் ஒன்றின் பெயரையே இந்தக் கொக்டெயில் கொண்டிருக்கிறது. 1898ஆம் ஆண்டளவில் அங்கு பணிபுரிந்த அமெரிக்கப் பொறியியலாளர் ஜென்னிங்ஸ் கொக்ஸ் இதை முதலில் கலந்தார் என்று பொதுவாகச் சொல்வார்கள். பிற்காலத்தில் ஹவானாவின் எல் புளோரிடிட்டா மதுச்சாலையில் கொன்ஸ்தான்தினோ ரிபலைகுவா இதைப் பல விதமாக மெருகேற்றினார். சேரும் பொருள்கள் இவ்வளவு சிலவாக இருப்பதால், ஊற்றும் மதுவின் குறையும் நிறையும் முதல் மிடறிலேயே நாவுக்குத் தெரிந்துவிடும். இலங்கையின் ரொக்லன்ட் நிறுவனம் தயாரிக்கும் 'சிலோன் அரக்' என்னும் தென்னஞ்சாராயத்தை ரம்முக்குப் பதிலாக டைகிரியில் ஊற்றிப் பார்க்க எண்ணியதற்கு இதுவே காரணம்.

தென்னஞ்சாராயம் என்றதும் தேங்காய் மணக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். தேங்காய்க்கும் இதற்கும் தொடர்பில்லை. இது தென்னம் பாளையிலிருந்து இறக்கும் கள்ளை வடித்து எடுப்பது. களுத்துறை, வாதுவைப் பகுதித் தென்னந்தோப்புகளில் மரத்துக்கு மரம் கட்டிய கயிறுகளின் மேல் நடந்தபடியே சீவல் தொழிலாளர்கள் கள் சேர்க்கிறார்கள். முட்டியில் விழுந்த கணத்திலிருந்தே கள் தானாகப் புளிக்கத் தொடங்கிவிடுவதாலும், ஒரு நாளுக்கு மேல் வைத்தால் காடியாகும் வழியில் போய்விடுவதாலும், அதைத் தாமதமின்றி வடிசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருக்கிறது. வடித்த சாராயம் ஹல்மில்ல மரப் பீப்பாய்களில் முதிர்கிறது. போத்தலைத் திறந்து முகர்ந்தால் முதலில் பூவின் வாசமும், பிறகு தேனையும் வறுத்த கொட்டையையும் ஒத்த மணமும் எழுகின்றன. இதன் சுவையை ரம்முக்கும் கொன்யாக் என்னும் பிரெஞ்சுப் பிராந்திக்கும் இடைப்பட்டது என்று சொல்லலாம்.

வழக்கமான டைகிரி அளவுகளை அப்படியே பின்பற்றினால் இந்தச் சாராயம் தோற்றுப்போகிறது. 60 மில்லிலீற்றர் மதுவுக்கு 30 மில்லிலீற்றர் தேசிக்காய்ச் சாறு என்ற கணக்கை வெள்ளை ரம் தாங்கும். தென்னஞ்சாராயத்தின் பூவாசமோ அந்தப் புளிப்பில் முற்றாக அமிழ்ந்துவிடுகிறது. சாற்றை 20 மில்லிலீற்றராகக் குறைத்து, சீனிப்பாகுக்குப் பதில் கித்துள் பாணியை (கித்துள் என்னும் பனைவகை மரத்தின் பாளைச் சாற்றைக் காய்ச்சிய பாகு) 15 மில்லிலீற்றர் சேர்த்தபோதுதான் பானம் தனக்கென்று ஒரு குணத்தைப் பெற்றது. கித்துள் பாணி குளிர்ந்த சாற்றில் எளிதில் கரையாமல் அடியில் தங்கிவிடும் என்பதால், இரண்டு பங்கு பாணிக்கு ஒரு பங்கு சுடுநீர் என்ற கணக்கில் முன்கூட்டியே இளக்கி ஆறவைத்திருக்க வேண்டும். பாணியின் இலேசான புகைவாசமும் சாராயத்தின் கொட்டை மணமும் ஒன்றையொன்று தேடிச் சேர்ந்ததுபோல் இணைகின்றன. இரண்டும் பாளை சீவி எடுத்த சாற்றிலிருந்தே வருவதால் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. சீனிப்பாகு கலந்த கித்துள் பாணியும் சந்தையில் விற்கப்படுகிறது. அது இனிப்பைத் தருமே தவிர வாசத்தைத் தராது. பனங்கட்டிப் பாகையும் இட்டுப் பார்த்தேன். யாழ்ப்பாணத்தவன் என்ற முறையில் அதன் பக்கம் சாய்வதற்கு எனக்கு எல்லாக் காரணமும் உண்டு என்றாலும், அதிலுள்ள உவர்ப்பு இந்த மெல்லிய சாராயத்தை அமுக்கிவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். திக்கம் வடிசாலையின் பனஞ்சாராயம் போன்ற முரட்டுச் சரக்குக்கே அது ஈடுகொடுக்கும்.

ஐஸ்கட்டிகளோடு பத்துப் பன்னிரண்டு விநாடிகள் வேகமாகக் குலுக்கி, குளிரவைத்த கிண்ணத்தில் வடிகட்டி ஊற்றினால் போதும். மதுசாரம் 40 சதவீதத்துக்குக் கீழுள்ள சாராய வகையைப் பயன்படுத்துபவர்கள் இதைவிடக் குறைவாகவே குலுக்க வேண்டும். இல்லையெனில் உருகும் ஐஸ் பானத்தை நீர்த்துப்போகச் செய்துவிடும். மேலே சாதிக்காயைச் சிறிது துருவித் தூவுவது நன்று. கறிவேப்பிலை, ஏலக்காய், மிளகாய் என்று நம்மூர் அடையாளங்களையெல்லாம் ஒரே கிண்ணத்தில் திணிக்கும் இன்றைய மதுச்சாலை வழக்கம் எனக்கு உவப்பானதல்ல.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. 'படேவியா அரக்' என்ற பெயரில் கிடைப்பது இந்தோனேசியாவின் ஜாவாவில் கரும்புப்பாகிலிருந்து சிவப்பு அரிசி சேர்த்து வடிப்பது. அது முற்றிலும் வேறான, காரமான சரக்கு. மற்றது, இலங்கையில் மலிவாகக் கிடைக்கும் சாராய வகைகள் பலவற்றில் தென்னஞ்சாராயத்தோடு வேறு மதுசாரமும் கலந்திருக்கும். இஞ்சிப் பியர் ஊற்றி அருந்துவதற்கு அவை போதுமானவை. டைகிரிக்குக் கள்ளிலிருந்து மட்டுமே வடித்த சாராயம் வேண்டும்.

ஐரோப்பியக் கடைகளில் இந்தப் போத்தல் சாதாரண வெள்ளை ரம்மைவிட விலை கூடியதாகவே இருக்கும். இஞ்சிப் பியருடன் மட்டுமே அருந்துபவர் அந்த அதிகப் பணத்தைச் செலவிட வேண்டியதில்லை, ஏனெனில் இதன் நுண்மைகள் இஞ்சியின் காரத்தில் காணாமல் போய்விடும். தேசிக்காயும் பாணியும் கொண்டு அளந்து கலக்கும் பொறுமை உள்ளவருக்கு, ரம்மினால் தர முடியாத பூவாசம் ஒன்றை இது டைகிரிக்குக் கொடுக்கிறது. அந்த வாசத்துக்காகவே மேலதிக விலையைத் தயக்கமின்றிக் கொடுக்கலாம்.