பயன்படுத்திய பனிச்சரிவு பீக்கன் வாங்க இருப்பவர்களுக்கு: 310 யூரோ பறிபோனது

பயன்படுத்திய மலையேற்றப் பொருட்கள் கைமாறும் ஓர் இணையச் சந்தையில், பீக்கன் (பனியில் புதைந்தால் நம் இடத்தைக் காட்ட சமிக்ஞை அனுப்பும், புதைந்த மற்றவரின் சமிக்ஞையைத் தேடும் கருவி), ப்ரோப் (பனிக்குள் குத்திப் பார்க்கும் நீண்ட கம்பி), ஷவல் (பனியைத் தோண்டும் மண்வாரி) மூன்றும் சேர்ந்த தொகுப்புக்கு 310 யூரோ கொடுத்து ஏமாற்றப்பட்டிருக்கிறேன். பணம் போனதைவிட, உயிரைக் காக்க வேண்டிய கருவியில் தெரிந்தே பழுதை மறைத்து விற்றிருக்கிறார்கள் என்பதுதான் என்னைக் கொதிக்க வைக்கிறது.

விற்றவர் தம்மை மலை மீட்புக் குழுவின் முன்னாள் தன்னார்வலர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். குழந்தை பிறந்ததால் இனி ஆல்ப்ஸில் பனிச்சறுக்குக்குப் போவதில்லை என்றும், ஒவ்வொரு பருவம் முடிந்ததும் மின்கலங்களைக் கழற்றியே வைத்திருந்ததாகவும் எழுதினார். நான் கேட்காமலேயே, திரை ஒளிரும் படத்தையும் அனுப்பினார். அவர் பெயருக்குப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டவர்' என்ற முத்திரையும் இருந்தது. இத்தனை பொறுப்பாகப் பேசுகிற ஒருவரை யார்தான் சந்தேகிப்பார்கள்?

பனி விழுந்த பிறகு, மலையடிவாரத்தில் எங்கள் குழு வழக்கமான பீக்கன் சோதனையைச் செய்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. என் கருவி 457 கிலோஹெர்ட்ஸ் சமிக்ஞையை ஒழுங்காகவே அனுப்பியது. ஆனால் தேடும் நிலைக்கு மாற்றியதும் அம்புக்குறி இடமும் வலமுமாக அலைந்தது, தூரம் காட்டும் எண் கண்டபடி தாவியது. அன்றைய பனிச்சரிவு அறிக்கையில் அபாய நிலை ஐந்தில் 3. காற்று வாரிக் குவித்த பனிப்பலகை (இறுகிய பனி அடுக்கு), பழைய வலுவற்ற அடுக்கின் மேல் எப்போது வேண்டுமானாலும் சரியக்கூடியதாக உட்கார்ந்திருந்தது. புதையுண்டவரைச் சுமார் 15 நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார், அரை மணி நேரம் தாண்டினால் நம்பிக்கை வெகுவாகக் குறைந்துவிடும் என்னும்போது, அந்தக் கருவியை நம்பி என் தோழர்கள் எப்படிச் சரிவில் இறங்குவார்கள்? அனைவரும் திரும்பினோம்.

பழுதுபார்ப்பு மையத்தில் கருவியைத் திறந்து பார்த்தார்கள். மூன்று ஆன்டெனாக்களில் ஒன்று உடைந்திருந்தது. மின்கலம் கசிந்து அரித்த தடத்தையும் யாரோ சுரண்டித் துடைத்திருந்தார்கள். சரிசெய்ய முடியாது என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

அந்த எழுத்தை அனுப்பியும் 310 யூரோ திரும்பவில்லை. "என்னிடமிருந்து போகும்போது வேலை செய்தது" என்ற ஒரே வரியோடு விற்றவர் பதிலை நிறுத்திக்கொண்டார். சந்தை நிர்வாகமோ, 14 நாள் கெடு முடிந்துவிட்டது என்றது. தேடும் நிலையைச் சோதிக்க, சமிக்ஞை அனுப்பும் இன்னொரு பீக்கன் வேண்டும் என்று விளக்கினேன். தாங்கள் வெறும் இடைத்தரகர்கள் என்றார்கள். மூன்றாம் முறை எழுதியபோது, "உங்கள் கருத்துக்கு நன்றி" என்ற தானியங்கிப் பதில் வந்தது. முத்திரை குத்துவது இவர்கள், தரகுத் தொகை எடுப்பது இவர்கள், பொறுப்பு மட்டும் இவர்களுடையதல்லவாம்! என் 310 யூரோவிலிருந்து எடுத்த தரகைக்கூடத் திருப்பித் தரவில்லை.

வாங்கியே ஆக வேண்டுமென்றால், இன்னொரு பீக்கனோடு நேரில் போய், அனுப்புதல், தேடுதல் இரண்டையும் திறந்த வெளியில் சோதியுங்கள். மின்கல அறையைத் திறந்து பாருங்கள். தயாரிப்பாளர் அந்த மாதிரியைத் திரும்பப் பெற அறிவித்திருக்கிறாரா என்று வரிசை எண்ணை வைத்துத் தேடுங்கள். திரைப் படத்தையும் முத்திரையையும் நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். அந்த விற்பனையாளரின் கணக்கு இன்றும் திறந்தே இருக்கிறது. நேற்று இன்னொரு பீக்கனை விற்பனைக்குப் போட்டிருக்கிறார்.