காருக்கு வூஃபர் வாங்கப் போகிறீர்களா? ஓம் கணக்கைக் கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள்

ஓம் என்பது கரண்டுக்கு ஸ்பீக்கர் கொடுக்கும் தடையின் அளவு. அதைக் கேட்காமல் நான் பட்டதைச் சொல்கிறேன். கடை பெயரைப் போடப் போவதில்லை. மார்த்தாண்டம் பக்கம், எப்போதும் நாலு வண்டி வரிசையில் நிற்கும் கடை. அவ்வளவு போதும்.

என்னிடம் இருப்பது பழைய ஸ்விஃப்ட். முன் கதவுகளுக்கு இரண்டு ஸ்பீக்கர், டிக்கியில் ஒரு 12 இஞ்ச் வூஃபர் (பேஸ் சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர்), எல்லாவற்றுக்கும் சேர்த்து நாலு சேனல், அதாவது நாலு தனி அவுட்புட் உள்ள ஒரு ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) என்று கடைக்காரர் திட்டம் போட்டார். இரண்டு சேனல் கதவுக்கு, மீதி இரண்டையும் பிரிட்ஜ் செய்து, அதாவது ஒன்றாகச் சேர்த்து, வூஃபருக்கு. இந்த முறையில் ஒரு தப்பும் இல்லை, ஏகப்பட்ட பேர் இப்படித்தான் ஓட்டுகிறார்கள். வயர், பெட்டி, கூலி உட்பட 27,500 ரூபாய். பில் கேட்டதற்கு, "பில் போட்டா டாக்ஸ் கூடும் சார், நாங்க எங்க போயிரப் போறோம்?" என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

முதல் நாள் சத்தம் அபாரம். மேம்பாலம் இறங்கி, சாமியார்மடம் தாண்டி, அழகியமண்டபம் வருவதற்குள் வூஃபர் நின்றுவிட்டது. கதவு ஸ்பீக்கரும் இல்லை. டிக்கியைத் திறந்தால் ஆம்பில் சிவப்பு விளக்கு. கை வைக்க முடியாத சூடு. கால் மணி நேரம் கழித்துத் தானாக வந்தது, பத்து நிமிடத்தில் மறுபடி போனது.

திரும்பிப் போனேன். வண்டியைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. மாட்டிக்கொடுத்த பையன், "பேட்டரி வீக் அண்ணே, அதான் கட் ஆகுது. மாத்திட்டா ஒண்ணும் வராது, பயப்படாண்டாம்" என்றான். 5,200 ரூபாய்க்குப் புது பேட்டரி. அதே கதைதான். அடுத்த முறை கரண்டைச் சேமித்துவைத்துக் கொடுக்கும் கெப்பாசிட்டர் ஒன்றைத் தலையில் கட்டினார்கள், 1,800. மூன்றாம் வாரம் சிவப்பு விளக்கும் இல்லை, ஆம்ப் செத்தே போனது. இப்போது கடைக்காரரின் குரல் மாறிவிட்டது: "நீங்க வால்யூம் கூட்டி வச்சு ஓட்டியிருக்கீங்க. அதுக்கு வாரண்டி கிடையாது."

எங்கள் ஊரில் கோவில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் மைக் செட் போடும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஒரு ஆம்பில் 8 ஓம் பெட்டி இரண்டு ஓடும்போது, இன்னொன்றையும் சேர்த்து மாட்டச் சொல்லி யார் கெஞ்சினாலும் அசையமாட்டார். அவரிடம் கொண்டுபோனேன். வூஃபர் வயரை ஆம்பிலிருந்து கழற்றி, ஓம் அளக்கும் மீட்டரை வைத்தார். 1.8 என்று காட்டியது.

"மக்கா, இது ரெண்டு ஓம் லோடு. ஆம்புக்க அடியில என்ன எழுதியிருக்கு, வாசி."

மொபைல் டார்ச் அடித்து வாசித்தேன். பிரிட்ஜ் செய்தால் குறைந்தது 4 ஓம் என்று பொடி எழுத்தில் இருந்தது. அட்டைப் பெட்டியில் 1200 வாட்ஸ் என்று கொட்டை எழுத்து, இது மட்டும் பொடி எழுத்து.

விஷயம் இதுதான். அந்த வூஃபரில் இரண்டு காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்), ஒவ்வொன்றும் 4 ஓம். பேரலலாக (ப்ளஸ்ஸோடு ப்ளஸ், மைனஸோடு மைனஸ்) கட்டினால் 2 ஓம், சீரிஸில் (ஒன்றன் பின் ஒன்றாக) கட்டினால் 8 ஓம். கடையில் பேரலல் கட்டிவிட்டார்கள். ஓம் குறையக் குறைய ஆம்பிலிருந்து கரண்ட் கூடுதலாக இழுக்கும். அதிலும் பிரிட்ஜில் ஒவ்வொரு சேனலும் பாதி லோடைத்தான் பார்க்கும். 4 ஓம் மாட்டினால் சேனலுக்கு 2 ஓம், 2 ஓம் மாட்டினால் சேனலுக்கு வெறும் 1 ஓம். சூடாகாமல் என்ன செய்யும்? பேட்டரிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

எனக்கு வயிறு எரிந்தது அடுத்த விஷயத்தில்தான். அந்த வூஃபரை எப்படி மாற்றிக் கட்டினாலும் 4 ஓம் வராது. 8 ஓமில் ஓட்டினால் ஆம்புக்கு ஆபத்தில்லை, ஆனால் 4 ஓமில் வருவதில் ஏறக்குறைய பாதி பவர்தான் கிடைக்கும். ஒரு காயிலை மட்டும் கொடுத்தால் 4 ஓம் வரும் என்று சிலர் சொல்வார்கள். மொத்தச் சூடும் அந்த ஒற்றைக் காயிலில்தான் இறங்கும், செய்யாதீர்கள். அதாவது, இந்த ஆம்புக்கு 2 ஓம் டபுள் காயில் வூஃபரோ 4 ஓம் சிங்கிள் காயிலோ தந்திருக்க வேண்டும். வயரிங்கில் வந்த தப்பு இல்லை இது. ஸ்டாக்கில் கிடந்ததை எடுத்து என் கையில் தள்ளியிருக்கிறார்கள்.

அண்ணன் அதோடு விடவில்லை. பவர் வயரை பிளேடால் சுரண்டினார், உள்ளே வெள்ளை. செம்பு பூசிய அலுமினியம்! ஃபியூஸ் டிக்கியில், ஆம்புக்குப் பக்கத்தில் இருந்தது. பேட்டரியிலிருந்து ஒரு முழ தூரத்துக்குள் இருக்க வேண்டியது அது. இடையில் எங்காவது வயர் உரசி பாடியில் தொட்டால் ஃபியூஸ் போகாது, வண்டிதான் எரியும். எர்த்தை பெயிண்டுக்கு மேலேயே முறுக்கி வைத்திருந்தார்கள். ஆம்பின் கெயின், அதாவது செட்டிலிருந்து வரும் சிக்னலுக்கு ஆம்பை ஒத்துப்போக வைக்கும் குமிழ், முழுசாகத் திருகியிருந்தது. அது வால்யூம் குமிழ் இல்லை என்பதுகூட அந்தப் பையனுக்குத் தெரியாது போல.

காசு கொடுக்கும் முன்பு, வூஃபரில் எத்தனை காயில், எத்தனை ஓம், எப்படிக் கட்டப்போகிறீர்கள் என்று கேளுங்கள். ஆம்பின் அடியில் உள்ளதை நீங்களே வாசியுங்கள். வேலை முடிந்ததும் உங்கள் கண் முன்னால் மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். 4 ஓம் லோடு மூன்றரை பக்கம் காட்டும், அது சரிதான். மீட்டர் இல்லாத கடையில் கார் ஆடியோ வேலை கொடுக்காதீர்கள். பில் கட்டாயம் வாங்குங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் கூப்பிட்டேன், முதலில் கேட்டது பில்லைத்தான். என்னிடம் இருந்தது துண்டுச் சீட்டு.

நாகர்கோவிலில் ஆம்பைத் திறந்து பார்த்து, 3,200 ரூபாய்க்குச் சரிசெய்து தந்தார்கள். 2 ஓம் டபுள் காயில் வூஃபர் வாங்கி சீரிஸில் கட்டி, வயரையும் மாற்றியாயிற்று. போன வாரம் குளச்சல் வரை போய்வந்தேன், ஆம்ப் வெதுவெதுப்புதான். பழைய வூஃபர் வீட்டில் சும்மா கிடக்கிறது, காயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. 2 ஓம் தாங்கும் மோனோ (ஒரே சேனல்) ஆம்ப் வைத்திருப்பவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், விலை பேசிக்கொள்ளலாம். மீட்டர் வைத்துக் காட்டித்தான் தருவேன்.