ரேக்யவிக்கில் ஒரு பிறந்தநாள்: யார் வீட்டு அடுப்பு?

அக்காவுக்கு 50 வயது. "நகை, புடவை ஒண்ணும் வேண்டாம்டா, எங்கேயாவது குளிரான ஊருக்குக் கூட்டிட்டுப் போ" என்றாள். ஐஸ்லாந்து என்று முடிவானதும் விமானம், ஓட்டல் எல்லாம் ஒரே நாளில் பதிவாகிவிட்டன. ஜூன் மாதம் என்பதால் குளிர்கூடப் பயமுறுத்தவில்லை. பிறந்தநாள் அன்றைக்கு ஒரு வேளைச் சாப்பாடு எங்கே என்பதற்குத்தான் இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம்.

கையில் நான்கு வழிகள் இருந்தன. தலைநகர் ரேக்யவிக்கில் ஒரு குடும்பத்தின் அடுப்படிக்குப் போய் அவர்களோடு சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவது. மிகச் சிறந்த உணவகங்களுக்குத் தரும் மிஷ்லின் நட்சத்திரம் வாங்கிய ஓர் உணவகம். ஊருக்கு வெளியே மண்ணுக்குள் வேகும் ரொட்டி, தக்காளித் தோட்டம் என்று ஒரு பகல் பயணம். இல்லையென்றால் சமையலறையோடு ஒரு குடில் எடுத்து நாமே பொங்கிக்கொள்வது. முதலாவதைச் சொன்னதுமே அக்கா கேட்டாள்: "ஊர்ல தினமும் செய்யுற வேலைதானே? காசு கொடுத்து இன்னொருத்தி வீட்டுல வெங்காயம் நறுக்கணுமா?" கேள்வி நியாயமானதுதான். இந்த அலசலே அதற்குப் பதில் தேடியதுதான்.

நட்சத்திர உணவகத்தை முதலில் பார்த்துவிடலாம். 2017 இல் ஐஸ்லாந்துக்கு முதல் மிஷ்லின் நட்சத்திரத்தைக் கொண்டுவந்தது ரேக்யவிக்கின் 'டில்'. 2019 இல் அதைப் பறிகொடுத்து 2020 இல் திரும்பப் பெற்றது. 2022 இல் 'ஓக்ஸ்' வாங்கியது. அங்கே சமைக்கும் இடத்தைச் சுற்றியே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சுவையில், நுணுக்கத்தில் எந்த வீட்டுச் சமையலும் இவற்றின் பக்கத்தில் நிற்காது. கணவன் மனைவி இருவர் மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இங்கே போகலாம். ஆனால் அவர்கள் வகுத்த பட்டியல், அவர்கள் வகுத்த வேகம். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு விளக்கவுரை உண்டு. பழைய கதை ஒன்றை எடுத்து முடிப்பதற்குள் அடுத்த தட்டு வந்து நிற்கும். அத்தான் சைவம், முட்டை மட்டும் உண்டு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அக்கா மீனை விட்டதில்லை. இந்த ஜோடிக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். "முதல் பந்தியில உக்கார்ந்த சம்பந்தி மாதிரி நிமிர்ந்தே இருக்கணும்" என்று அத்தான் ஒதுக்கிவிட்டார்.

குடில்தான் நான்கிலும் மலிவு. பன்றிப் பொம்மை போட்ட 'போனுஸ்' கடையில் ஆட்டிறைச்சி, மீன், வெண்ணெய், கெட்டித் தயிர் போன்ற ஸ்கீர் எல்லாம் கிடைக்கும். இரண்டு விஷயம் மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். குழாயில் வரும் வெந்நீர் பல இடங்களில் பூமிக்கடியிலிருந்து வருவது, அழுகிய முட்டை வாடை அடிக்கும். உலைக்குப் பச்சைத் தண்ணீரைத்தான் பிடிக்க வேண்டும். ஒயின், பீர் வேண்டுவோர் அரசுக் கடையான 'வீன்பூதின்' திறந்திருக்கும் நேரத்தைப் பார்த்து வாங்கி வைக்க வேண்டும். ஞாயிறன்று பெரும்பாலும் பூட்டுதான். ஆனாலும் குடிலை நான் நிராகரித்ததற்குக் காரணம் வேறு. அங்கே போனாலும் அக்காதான் அடுப்படியில் நிற்பாள். நானும் அத்தானும் 'உதவி செய்கிறோம்' என்று சொல்லிக்கொண்டு ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருப்போம். எங்களை எனக்குத் தெரியும்.

பகல் பயணம் கடைசி வரைக்கும் இழுத்தது. லோய்கர்வாட்ன் ஏரிக்கரை, ரேக்யவிக்கிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். கரையில் கறுப்பு மணல், தோண்டினால் வெந்நீர் குமிழியிடும். ரை என்ற, கோதுமை போன்ற தானியத்தின் மாவுக் கலவையைப் பானையில் மூடி அந்த மணலுக்குள் புதைத்து 24 மணி நேரம் விட்டுவிடுகிறார்கள். வெளியே வருவது மேலோடே இல்லாத, ஈரப்பதமான, கரும்பழுப்பு ரொட்டி. இனிப்பில் பாதிக் கேக். மேலே வெண்ணெயைத் தாராளமாக அப்ப வேண்டும். வாயுத் தொல்லை தருவதால் ஐஸ்லாந்துக்காரர்களே இதற்கு 'இடி ரொட்டி' என்று பொருள்படும் பட்டப்பெயர் ஒன்று வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது வேறொன்று: நம் கண்முன் தோண்டியெடுப்பது நேற்றுப் புதைத்த பானை. இன்று புதைப்பதை நாளை வேறு யாரோ சாப்பிடுவார்கள்.

அங்கிருந்து ரேக்ஹோல்ட் கிராமத்துக்குப் போனால் 'ஃபிரித்ஹெய்மர்' கண்ணாடிக் கூடம். தக்காளிக் கொடிகளுக்கு நடுவிலேயே மேசை போட்டுத் தக்காளி சூப்பும் ரொட்டியும் தருகிறார்கள். பூமியின் சூடும் விளக்கொளியும் இருப்பதால் குளிர்காலத்திலும் காய்ப்பு நிற்பதில்லை. மகரந்தம் சேர்க்க வண்டுத்தேனீக்களை வளர்க்கிறார்கள். சைவர்களுக்கும் குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. அத்தான் வாக்கு இதற்குத்தான். ஆனால் தங்க வட்டம் என்கிற சுற்றுலாப் பாதை இது. பேருந்து பேருந்தாகக் கூட்டம் வரும், முன்பதிவு வேண்டும். அதோடு இது மதியச் சாப்பாட்டுக்கான இடம். சாயங்காலம் ஓட்டலுக்குத் திரும்பிக் கட்டிலில் உட்கார்ந்தால் பிறந்தநாள் முடிந்தது போலிருக்கும். அதனால் இதை மறுநாளுக்குத் தள்ளினோம்.

ஆக, வீடு. விளம்பரத்தில் 'தனிப்பட்ட' என்று போட்டிருந்தால் அதன் அர்த்தத்தை முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. நம் கூட்டம் மட்டுமா, வேறு பயணிகளும் வருவார்களா? நாம் சமைக்கிறோமா, அவர்கள் சமைப்பதைப் பார்க்கிறோமா? வீட்டில் நாய், பூனை உண்டா? ஆள் குறைந்தால் தலைக்கு எவ்வளவு கூடும்? (கூடத்தான் செய்யும், அவர்களுக்கு ஒரு முழுச் சாயங்காலம் போகிறதே.) நாங்கள் நாய் பற்றிக் கேட்க மறந்தோம். அத்தான் முதல் அரை மணி நேரம் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டே இருந்தார்.

வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். அந்த ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தானாம். அக்கா முகம் அப்போதே மலர்ந்துவிட்டது. அன்றைய சமையல் பிளோக்பிஸ்குர். வேகவைத்த காட் மீனையும் உருளைக்கிழங்கையும் உதிர்த்து, வெண்ணெயில் வதக்கிய வெங்காயம், மாவு, பால், வெள்ளை மிளகு சேர்த்துக் கிளறுவது. முந்தின நாள் மிச்சத்தைத் தீர்க்கப் பிறந்த பண்டம். நம் சுறாப்புட்டின் வெள்ளைக்காரத் தங்கச்சி என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்காரம்மா சூடான கிழங்கை முள்கரண்டியில் குத்திப் பிடித்துத் தோலுரித்துக்கொண்டிருந்தார். அக்கா வெறும் விரலாலேயே மூன்று உரிப்பதற்குள் அவர் ஒன்றுதான் முடித்திருந்தார். இருவரும் நின்று ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள். அதன் பிறகு மொழி பெரிதாகத் தேவைப்படவில்லை. அத்தானுக்கு மீன் போடாமல் காலிஃபிளவர் சேர்த்துத் தனிச் சட்டி; இரண்டு வாரம் முன்பே எழுதியிருந்ததால் அது நடந்தது.

உண்மையைச் சொன்னால், காரம் எதிர்பார்ப்பவர்களுக்கு இந்தச் சாப்பாடு சப்பென்றுதான் இருக்கும். வெள்ளைத் தட்டில் வெள்ளைக் குழைவு, பக்கத்தில் அந்த இடி ரொட்டி. மூன்று மணி நேரம் புது மனிதர்களோடு பேச வேண்டும். பிடிக்கவில்லை என்று பாதியில் எழுந்துவர முடியாது. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு உணவகமே மேல்.

கடைசியில் பான்கேக். அதற்கென்றே விளிம்பு தாழ்ந்த ஒரு சின்னச் சட்டி வைத்திருக்கிறார்கள். சோப்புப் போட்டுக் கழுவக் கூடாதாம். "தோசைக்கல்லு மாதிரிதான்" என்றாள் அக்கா. மாவில் ஏலக்காய் எசன்ஸ் நாலு சொட்டு. முதல் பான்கேக் பிய்ந்தது. அதுவும் தோசை மாதிரிதான். தோட்டத்தில் விளைந்த, புளிப்புத் தண்டுள்ள ருபார்ப் செடியின் ஜாமும் கடைந்த கிரீமும் வைத்து மடித்து அடுக்கி, மேலே ஒரு மெழுகுவத்தி. இரவு ஒன்பதரை, ஜன்னலுக்கு வெளியே நம்மூர் நாலு மணி வெயில். நமக்குத் தெரிந்த அதே பிறந்தநாள் மெட்டில் அவர்கள் மொழியில் பாடினார்கள். அங்கே பத்துப் பத்தாக வரும் வயதுகளுக்குத் தனி மரியாதை, அதற்குப் 'பெரிய பிறந்தநாள்' என்றே பெயர். கொண்டாடுகிறவர்தான் காபி, கேக் வைத்து ஊரை அழைக்க வேண்டும். நம் பள்ளிக்கூடத்தில் பிறந்தநாள் பிள்ளை மிட்டாய் கொடுப்பது போல.

சாப்பிட்டு முடித்ததும் அக்கா பழக்கத்தில் தட்டுகளை அடுக்கிக்கொண்டு தொட்டிக்குப் போனாள். வீட்டுக்காரம்மா சிரித்துக்கொண்டே வாங்கி வைத்துவிட்டு, அவளை மறுபடி நாற்காலியில் உட்கார வைத்தார்.

டாக்சியில் கேட்டேன், "வெங்காயம் நறுக்குனதுக்குக் காசு வீணா?"

"நறுக்குனேன். ஆனா நாளைக்கு என்ன சமைக்கிறதுன்னு யோசிக்கலை" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தச் சட்டி எந்தக் கடையில கிடைக்கும்னு கேட்டியா?"

மறுநாள் தக்காளித் தோட்டத்துக்குப் புறப்படுமுன் அதை வாங்கியாயிற்று.