பழைய சிடியில் சுவர்க்கடிகாரம்: வாங்கலாமா?

காரைக்குடி பழம்பொருள் கடை ஒன்றில் பார்த்தது. ஆத்தங்குடித் தரைக்கல் பூவேலையை அக்ரிலிக் பெயின்டில் ஒளிரும் பக்கத்தில் தீட்டியிருக்கிறார்கள், கைவேலை சுத்தம். கோளாறு நடுவில்தான். சிடியின் துளை 15 மி.மீ., கடிகார மிஷின் தண்டோ சுமார் 8 மி.மீ. வாஷர் போடாமல், பின்னால் லேபிள் பக்கம் பசை தடவி ஒட்டிவிட்டார்கள். அங்கே அலுமினியப் படலத்தைக் காப்பது மெல்லிய பூச்சு மட்டுமே; மிஷின் கனத்தில் படலத்தோடு உரிந்து வரும். 8 மி.மீ. துளையும் 25 மி.மீ. அகலமும் உள்ள வாஷர் இரண்டை முன்னும் பின்னும் வைத்து நட்டை முடுக்குங்கள், அளவாக. அதிகம் இறுக்கினால் சிடி விரிசல் விடும். சூப்பர் குளூ வேண்டாம், சுற்றிலும் வெள்ளை பூக்கும். வளவு (செட்டிநாட்டு வீட்டு உள்முற்றம்) வெயிலில் மாட்டினால் முள்ளே தெரியாது, கண் கூசும். பட்டாலை (கூடம்) நிழல் தோது.