லியோன் தேவாலயத்தில் செருப்பை யார் கையிலும் கொடுக்காதீர்கள்

மத்திய அமெரிக்காவில், நிகரகுவா நாட்டின் லியோன் நகரத்துக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். போன மாதம் நானும் மனைவியும் அங்கே ஏமாந்துவிட்டு வந்தோம்.

பெரிய தேவாலயத்துக்குள் போகக் காசு கிடையாது, மொட்டைமாடிக்கு ஏற மட்டும்தான் சீட்டு. இது தெரியாமல் போனதுதான் எங்கள் தப்பு. வாசலிலேயே ஒருவர் கழுத்தில் அட்டையோடு வந்து, "இருநூறு கொடுங்கள், எல்லாம் காட்டுகிறேன்" என்றார். 200 கோர்தோபா (அந்த நாட்டு நாணயம்) என்றால் சுமார் ஐந்தரை டாலர். சரியென்று கூடவே போனோம்.

உள்ளே கவிஞர் ரூபேன் தாரியோவின் கல்லறை இருக்கிறது. 1916இல் இதே ஊரில் இறந்தவர். ஸ்பானியக் கவிதையின் போக்கையே மாற்றியவர். கல்லறைமேல் துக்கம் தாங்காமல் படுத்துக் கிடக்கும் கற்சிங்கத்தை நின்று பார்க்கக்கூட அந்த வழிகாட்டி விடவில்லை. "மாடிக்கு நேரமாகிறது" என்று இழுத்துக்கொண்டு போனார்.

மாடி முழுக்க வெள்ளைப் பூச்சு. அழுக்குப் படக் கூடாதென்று செருப்பைக் கழற்றச் சொல்கிறார்கள். "நான் கீழே வைத்திருக்கிறேன்" என்று பையை விரித்தார். கோயிலில் செருப்பு விட்டுப் பழகிய நமக்குச் சந்தேகமே வராது, கொடுத்துவிட்டோம். மேலே குவிமாடங்களுக்கு நடுவில் நின்று எரிமலைகளைப் பார்த்த அரைமணி நேரம் மட்டும் இன்றும் மனதில் நிற்கிறது.

இறங்கி வந்தால் பை அவர் தோளில். தலைக்கு 20 டாலராம். இருநூறு என்று சொன்னது தேவாலயத்துக்கு மட்டுமாம், மாடி தனியாம், செருப்புக் காவல் தனியாம். நண்பகல் வெயிலில் கொதிக்கிற கல்தரையில் மனைவி கால் மாற்றி மாற்றி நின்றாள். அவள் பாதம் சிவந்ததைப் பார்த்ததும் வாக்குவாதம் செய்ய மனம் வரவில்லை. 40 டாலரை எண்ணிக் கொடுத்துவிட்டுச் செருப்பை வாங்கினேன்.

ஊரில் நேர்மையான வழிகாட்டிகளும் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் மாடிச் சீட்டை நீங்களே கவுன்டரில் வாங்குங்கள். கூலி பேசும்போது கோர்தோபாவா டாலரா, எதெதெல்லாம் சேர்த்தி என்று தாளில் எழுதி வாங்குங்கள். செருப்பைப் போட ஒரு துணிப்பை கொண்டுபோங்கள்.

காசைவிட வலிப்பது வேறு. தாரியோ சிறுவனாக வளர்ந்த வீடு, தேவாலயத்திலிருந்து நடக்கும் தூரத்தில், இன்று அருங்காட்சியகம். அதைப் பற்றி அந்த வழிகாட்டியிடம் கேட்டதற்கு, "பழுதுபார்க்கிறார்கள், ஒரு மாதமாகப் பூட்டு" என்றார். அவ்வளவு நடந்த பிறகும் அதை நம்பி அறைக்குத் திரும்பிவிட்டோம். மறுநாள் காலை பேருந்து நிலையத்துக்குப் போகிற வழியில் டாக்சியிலிருந்து பார்த்தேன். கதவு திறந்திருந்தது. சீருடைப் பிள்ளைகள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.